சட்டி கொள்ளும் மீன்

பிடித்த மீனைத் தண்ணீரிலேயே திருப்பி விடுகிறவர் செய்வது சரியா, குழம்புக்கு எடுத்துப் போகிறவர் செய்வது சரியா என்று கேட்டால், படித்தவர்களில் பெரும்பாலோர் யோசிக்காமல் முதலாமவர் பக்கம் நிற்பார்கள். ஓர் உயிரைப் பிழைக்க விட்டவர் அல்லவா அவர்! நான் இரண்டாமவர் பக்கம். ஏன் என்று சொல்வதற்கு ஒரு தூண்டிலையும் ஒரு நாயையும், ஊட்டி மலையையும் சேக்கிழாரையும் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

என் தூண்டில் மடக்கினால் முழங்கை நீளம், நீட்டினால் பன்னிரண்டு அடி. கார்பன் இழை. எடை எண்பது கிராம். நரம்பு சுற்றும் சக்கரம் கிடையாது. நுனியிலேயே நேராக முடிச்சுப் போட்டிருக்கும். தக்கை இல்லை, ஈயக்குண்டு இல்லை, மண்புழுவும் இல்லை. நரம்பின் முனையில் பச்சைப்பயறு அளவுக்கு ஒரு கொக்கி, அதில் தையல் நூலால் சுற்றிக் கட்டிய நாட்டுக்கோழிக் கழுத்து இறகு. அவ்வளவுதான் பூச்சி. நம் ஊரில் மூங்கில் கழியில் நரம்பு கட்டிக் கெண்டை பிடித்த எவருக்கும் இந்தத் தூண்டில் அந்நியமாகத் தெரியாது. வீசும் முறைதான் வேறு. மூங்கில் தூண்டிலில் இரையின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் இரைக்குக் கனமே இல்லை. கழியின் வளைவு நரம்பைத் தூக்கிப் போட, எல்லாவற்றுக்கும் கடைசியாக அந்த இறகு தண்ணீர்மேல் உட்காரும்.

இதை எனக்குக் கொடுத்தவர் எங்கள் தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வந்து தங்கியிருந்த ஒரு ஜப்பானியப் பொறியாளர். ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் பக்கம் ஜப்பானியரும் கொரியரும் இன்று புதுமுகங்கள் இல்லை. ஊர் திரும்பும்போது பலரும் மிக்ஸியையும் சைக்கிளையும் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போவார்கள். இவர் தூண்டிலைக் கொடுத்தார். அவர்கள் நாட்டில் இதற்கு டென்காரா என்று பெயர். மலை ஓடைகளில் இவானா, அமாகோ என்னும் மீன்களைப் பிடித்து, வெந்நீர் ஊற்று விடுதிகளில் விற்றுப் பிழைத்தவர்களின் தூண்டில் இது. இந்த ஒரு செய்தி எனக்கு முக்கியம். இன்று உலகம் முழுக்க மிக எளிய, மிக நேர்த்தியான பொழுதுபோக்கு என்று கொண்டாடப்படும் இந்த முறை, பொழுதுபோக்காகப் பிறக்கவில்லை. ஒரு வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதற்காகப் பிறந்தது.

நாயின் பெயர் செவலை. நிறம்தான் பெயர். தொழிற்சாலையின் இருசக்கர வண்டி நிறுத்தத்தில் குட்டியாகக் கிடந்தவள், இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில். இரவு ஷிஃப்ட் ஆறு மணிக்கு முடிந்து கம்பெனி பஸ் என்னை நெடுஞ்சாலையில் இறக்கிவிடும்போது டீக்கடை பெஞ்சுக்குக் கீழே படுத்திருப்பாள். எந்த வாரம் எனக்கு இரவு ஷிஃப்ட் என்பது வீட்டில் மற்றவர்கள் நாள்காட்டியைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். அவளுக்கு எப்படித் தெரிகிறதோ!

செம்பரம்பாக்கம் ஏரிக்குள் நான் தூண்டில் போடுவதில்லை. 24 அடி உயரத்துக்கு நிரம்பி 3,645 மில்லியன் கனஅடி கொள்கிற அந்த ஏரி சென்னையின் குடிநீர். அதன் மீன்பாசி உரிமையும் வேறு ஆட்களுடையது. உள்ளே திரியும் கட்லாவும் ரோகும் மிர்காலும் காசு போட்டு விட்ட குஞ்சுகள், தெர்மாகோல் தெப்பத்தில் உட்கார்ந்து விடிவதற்குள் வலை இழுக்கிறவர்களின் வயிற்றுப்பாடு. நான் போவது கரைக்குக் கீழே. பாசன மதகிலிருந்து இறங்கும் ஒரு வாய்க்கால், வயல்களைக் கடந்து, பழைய செங்கல் சூளைக்காக மண் எடுத்த பள்ளத்தில் போய்த் தேங்கும். ஒரு பக்கம் இன்னும் நெல். மறுபக்கம் வண்ணம் அடித்த எல்லைக்கற்களோடு மனைகள். மேற்கே இருங்காட்டுக்கோட்டை சிப்காட். 1998இலிருந்து கார்கள் இறங்கிக்கொண்டிருக்கும் அங்குள்ள உற்பத்தி வரிசைக்கு உதிரிபாகம் செய்யும் பல கூரைகளில் ஒன்றின் கீழேதான் என் வேலை.

ஐப்பசியில், முதல் மழைக்கு மறுநாள் காலை, இந்தக் குட்டையைப் பார்க்க வேண்டும். முந்தைய மாலை விளக்குகளைச் சுற்றிப் பறந்து சிறகு உதிர்த்த ஈசல்களில் பாதி தண்ணீரில்தான் விழுந்திருக்கும். அவற்றைத் தின்ன, மற்ற நாட்களில் பாசிக்கடியில் ஒளிந்திருக்கும் மீன்கள் எல்லாம் மேலே வந்துவிடும். தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். எந்த வட்டம் கெண்டை, எந்த வட்டம் ஜிலேபி என்று பழகிய கண்ணுக்குத் தெரியும். கெண்டை நுனி வாயால் தொட்டுவிட்டுத் திரும்பும். வட்டம் சிறியது, வேகமானது. ஜிலேபி உறிஞ்சும், ஒரு குமிழி மிஞ்சும். குறவை என்றால் வட்டமே இல்லை, வெடிப்புதான். இப்படிப்பட்ட காலையில் ஈசல் நிறத்தில் கட்டிய இறகை வட்டங்களுக்கு நடுவில் மெல்ல இறக்குவதில் இருக்கும் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரவு முழுக்க இயந்திரத்தின் முன் நின்ற உடம்பு அந்த நேரத்தில் எனக்கு மறந்தே போகிறது. என் வாழ்க்கையில் அதற்கு ஈடாக வைக்க அதிகம் இல்லை.

செவலையால் என் தூண்டிலில் ஒரு மாற்றம் வந்தது. கொக்கியின் உள்பக்கம், பிடித்ததை நழுவ விடாமல் எதிர்த் திசையில் நீட்டிக்கொண்டிருக்குமே ஒரு சின்ன முள், அதை இடுக்கியால் நசுக்கி மட்டமாக்கிவிட்டேன். நரம்பைப் பின்னால் தூக்கும்போது நாயின் காதிலோ உதட்டிலோ கொக்கி ஏறினால், முள் இல்லாமல் இருந்தால்தான் வந்த வழியே கழற்ற முடியும். நாய்க்காகச் செய்தது மீனுக்கும் ஆயிற்று. முள் நசுக்கிய கொக்கியில் மாட்டிய மீன், நரம்பு ஒரு கணம் தளர்ந்தாலே கழன்றுகொண்டு போய்விடும். நிறையப் போகின்றன. ஒரே செய்கையில் நாயின் உதடும் மீனின் உதடும் ஒன்றாக என் கண்ணுக்கு வந்தது அப்போதுதான். அதற்குப் பிறகு, மீனுக்கு வலிக்காது என்று யார் சொன்னாலும் என்னால் தலையாட்ட முடிவதில்லை.

வலிக்கும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 2003இல் லின் ஸ்னெடனும் அவருடைய சகாக்களும் எடின்பரோவின் ராஸ்லின் ஆய்வு நிலையத்தில் செய்த ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. வானவில் ட்ரவுட் மீனின் தலையிலும் முகத்திலும், காயத்தையும் சூட்டையும் உணரும் வகையைச் சேர்ந்த 22 நரம்பு முனைகளை அவர்கள் அடையாளம் கண்டார்கள். உதட்டில் தேனீ விஷமோ அமிலமோ செலுத்தப்பட்ட மீன்கள் மணிக்கணக்கில் இரை எடுக்கவில்லை. அமிலம் ஏறியவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்துக்கொண்டன. மீன் அதை எப்படி அனுபவிக்கிறது என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். உதட்டைக் கல்லில் தேய்க்கும் ஓர் உயிரைப் பற்றி எனக்கு வாதம் மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து இளைஞர்கள் வருவார்கள். விலையுயர்ந்த தூண்டில்கள், பளபளக்கும் பொய்மீன்கள், தோளில் மாட்டும் பைகள். நல்ல பிள்ளைகள். குப்பை போடுவதில்லை, மீனை ஈரக் கையால்தான் தொடுகிறார்கள், விரால் கிடைத்தால் ஒரு படம் எடுத்துக்கொண்டு உடனே தண்ணீரில் விடுகிறார்கள். கரையில் கூடையோடு உட்கார்ந்து ஏரி மீன் விற்கும் ஓர் ஆயா ஒருநாள் என்னைக் கேட்டார்.

“இன்னா நைனா இது, புடிக்கிறாங்க, போட்டோ எடுக்கிறாங்க, வுட்டுட்றாங்க. துன்ன மாட்டாங்களா?”

“பாவம்னு விட்டுடறாங்க ஆயா.”

“பாவம்னு தெரியுதுல்ல? அப்பால எதுக்குப் புடிக்கணும்?”

அவர் குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்தப் பிள்ளைகளின் சார்பில் என்னால் ஒரு பதிலும் சொல்ல முடியவில்லை, அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் மதித்தும்கூட.

விளையாட்டுக்காக மீன் பிடிக்கும் பழக்கத்தின் வேரைத் தேடினால் தமிழ்நாட்டில் அது நீலகிரிக்குப் போகிறது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தங்கள் ஊர் ட்ரவுட் மீன் மேல் தீராத ஏக்கம். இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே, 1860களிலேயே அதன் முட்டைகளை இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவர முயன்று தோற்றார். நாற்பது ஆண்டுகள் கழித்து ஹெச்.சி. வில்சன் காலத்தில்தான் வானவில் ட்ரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைத்தது. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அதற்கு முன்பே, 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கமும் 1879இல் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டன. உரிமம், பருவம், அளவு என்று எல்லாவற்றுக்கும் விதிகள் வந்தன. அவற்றால் சில ஓடைகள் காக்கப்பட்டன என்பது உண்மை. பசிக்காக மீன் எடுத்த மலைவாசி திருடனாகவும், விளையாட்டுக்காக எடுத்த துரை பாதுகாவலராகவும் ஆனது அதே விதிகளின் மறுபக்கம்.

சமவெளிக்கும் ஒருவர் இருந்தார். சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ். 1873இல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு நூல் எழுதினார். மலை ஓடைக்கும் பெரிய ஆற்றுக்கும் போக வசதியில்லாதவர்கள் பக்கத்து ஏரி குளங்களிலேயே தூண்டில் போடலாமே என்று, அதற்கென்றே 1887இல் தனியாக ஒரு நூல் எழுதினார். அவருக்கு மீன் மேல் அக்கறை இருந்தது. கண்ணி நெருங்கிய வலைகளையும், ஆற்றில் நஞ்சு கலந்து பிடிப்பதையும் கடுமையாக எதிர்த்தார். வெடியையும் நஞ்சையும் தடை செய்த 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்துக்குப் பின்னால், அவரையும் டேயையும் போன்றவர்கள் கால் நூற்றாண்டாக எழுப்பிய குரல் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு நான் நன்றி சொல்கிறேன். பிடித்ததை விட்டுவிடுவது ஒரு கொள்கையாகப் பரவியது அதற்கும் பிறகு, 1930களில் லீ வுல்ஃப் போன்ற அமெரிக்கத் தூண்டில்காரர்களால். ஒரு நல்ல மீன் ஒருவர் கையில் மட்டும் அகப்பட்டு முடிந்துபோகக் கூடாது என்பது அவர்கள் வாதம். தூண்டில்காரர்கள் பெருகி மீன் அருகிப்போன ஆறுகளுக்கு அது பொருந்தவும் பொருந்தியது. இன்று சுவிட்சர்லாந்தின் சட்டம் நேர் எதிர்த் திசையில் நிற்கிறது: விட்டுவிடும் எண்ணத்தோடு மட்டுமே மீன் பிடிக்க அங்கே தடை. நம் ஆயா கேட்ட அதே கேள்வியைத்தான் ஒரு நாடு தன் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது.

எங்கள் குட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. விடுவது என்றால் எந்த மீனை விடுவது? ஜிலேபி நம் மீன் அன்று. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி, 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. பெண் மீன் முட்டைகளை வாய்க்குள் அடைகாக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பிறகும் ஆபத்து என்றால் திரும்ப வாய்க்குள் ஓடிவரும். அந்த நாட்களில் தாய் பெரும்பாலும் இரை எடுக்காது. இப்படி ஒரு தாய்மை உள்ள மீன் எந்தத் தண்ணீரிலும் பெருகத்தானே செய்யும்! உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் மொசாம்பிக் ஜிலேபி இருக்கிறது. அதைக் கருணையோடு திருப்பி விட்டால், பக்கத்தில் இடமும் இரையும் இழந்து ஒதுங்கும் கெண்டைக்கு அது கருணை ஆகாது. ஆகவே ஜிலேபி என் பைக்குத்தான் வரும். அதன் தாய்மையை நினைத்து நெஞ்சு கனக்காமல் இல்லை. கனத்தபடியே எடுக்கிறேன். கரையில் துடிக்கவும் விடுவதில்லை; தலையில் கட்டையால் ஓர் அடி, உடனே.

விரால் வேறு விதம். செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரு கூட்டமாக மேலே வந்து மூச்சு விடும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். குஞ்சுக் கூட்டத்தின் நடுவே இரையைப் போட்டால், பசியே இல்லாவிட்டாலும் பெற்றவை ஆத்திரத்தில் கவ்வும். தூண்டில்காரர்கள் பலருக்கும் தெரிந்த வழி இது. படம் எடுத்துவிட்டுத் திருப்பி விட்டாலும், அந்த இரண்டு நிமிடத்தில் குறவையும் கெளுத்தியும் குஞ்சுகளுக்குள் புகுந்துவிடும். பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த ஒன்றை அந்தக் காவலைக் கொண்டே ஏமாற்றுவது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அதைத் தின்பதற்காகச் செய்தாலும் அப்படித்தான், விடுவதற்காகச் செய்தாலும் அப்படித்தான். செம்மஞ்சள் கூட்டம் கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் நான் நரம்பு வீசுவதில்லை.

இனி சேக்கிழார். ஏரியின் கிழக்கே, கரையிலிருந்து பார்த்தால் குன்றத்தூர் மலை தெரியும். 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் தந்தவர் பிறந்த ஊர் அது. அவர் பாடிய அடியார்களில் அதிபத்தர் ஒருவர். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் பரதவர் தலைவர். தினமும் வலையில் வரும் மீன்களில் தலையாய ஒன்றைச் சிவனுக்கு என்று கடலிலேயே விட்டுவிடுவார். ஒரு காலத்தில் மீன்வளம் குன்றியது. நாளுக்கு ஒரே ஒரு மீன் கிடைத்தது. அதையும் விட்டார். நாட்கள் போயின, செல்வம் கரைந்தது, சுற்றத்தார் பசியில் வாடினார்கள், அவர் உடம்பு தேய்ந்தது. பிறகு ஒருநாள் உலகமே விலையாகும் பொன்மீன் ஒன்று வலையில் வந்தது. அன்றைக்கும் அந்த ஒன்றுதான். அதையும் விட்டார். நாகையில் இன்றும் ஆவணி மாதத்தில் பொன்மீனைக் கடலில் விடும் விழா நடக்கிறது.

தமிழில் பிடித்த மீனை விட்டவர் என்றால் எனக்கு அவர்தான். அவர் செய்ததற்கும் ஞாயிற்றுக்கிழமை இளைஞர்கள் செய்வதற்கும் தூரம் எங்கே இருக்கிறது? அதிபத்தர் விட்டது அவருடைய சோறு. மீதி மீன்களைத் தின்றார், விற்றார், அதில் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. விட்ட அந்த ஒன்றுக்கு எடை இருந்தது, காரணம் அது அவருக்கு வேண்டியிருந்தது. மாதச் சம்பளம் வாங்குகிற நான் ஒரு விராலைத் தண்ணீரில் விட்டால் என்ன இழக்கிறேன்? என் வீட்டில் அன்றைக்கும் சோறு இருக்கும். எனக்கு வேண்டாததைக் கொடுத்துவிட்டு, கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அப்படியென்றால் என்னைப் போன்றவன் எதைத்தான் விட முடியும்? நீண்ட நாள் இதை யோசித்திருக்கிறேன். எனக்கு இந்தக் குட்டையில் உண்மையாகவே வேண்டியிருப்பது ஒன்றுதான்: அந்த மகிழ்ச்சி. இறகு உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் குழிவதும், கழி வளைந்து கைக்குள் ஒரு துடிப்பு ஏறுவதும். அதை நிறுத்துவதுதான் எனக்கு வலிக்கும். பிடித்துப் பிடித்து விடுகிறவருக்கு நிறுத்த வேண்டிய அவசியமே வருவதில்லை. எதையும் எடுக்காததால் எல்லையும் இல்லை. பத்து மீனின் உதட்டில் கொக்கி ஏற்றலாம், ஐம்பதிலும் ஏற்றலாம், கணக்கு எப்போதும் பூஜ்யம்தான். குழம்புக்குப் பிடிக்கிறவருக்கு ஓர் எல்லை இருக்கிறது. வீட்டில் சட்டி எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு. சட்டி நிறைந்த பிறகு, வட்டங்கள் இன்னும் விரிந்துகொண்டிருக்க, ஈசல் இன்னும் மிதந்துகொண்டிருக்க, அவர் தூண்டிலை மடக்கியாக வேண்டும். ஐப்பசிக் காலையில், நல்ல கொத்து இருக்கும்போது மடக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு கஷ்டம் என்று.

எங்கள் வீட்டில் நாலு பேர். உள்ளங்கை அளவு ஜிலேபி என்றால் ஆளுக்கு ஒன்று, செவலைக்கு ஒன்று. கெண்டையில் முதலில் வருவது நன்றாக வளர்ந்த மீனாக இருந்தால் தண்ணீருக்கு. அன்றைக்கு அது ஒன்றுதான் என்றாலும். இது அதிபத்தரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. அவருடைய பசியின் பக்கத்தில் வைக்க இதற்குத் தகுதி இல்லை, தெரியும். கை பழக வேண்டும் என்பதற்காகச் செய்கிறேன். புழுவை விட்டு இறகுக்கு வந்ததற்கும் இதுவே காரணம். புழுவை மீன் விழுங்கிவிடும், கொக்கி குடலில் போய் நிற்கும், அதன்பின் விடுவது பேச்சுக்குத்தான். இறகை வாயில் வாங்கிய கணமே துப்பப் பார்க்கும் என்பதால் கொக்கி உதட்டோடு நின்றுவிடும். விட வேண்டிய ஒன்று பிழைக்க வேண்டுமானால், எடுக்கும் முறையிலேயே அதற்கு வழி வைத்திருக்க வேண்டும்.

செவலை இந்த வாதத்துக்கு முழுக்க ஒத்துவரமாட்டாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வயலில் கொக்கு இறங்கினால் அவள் ஓடுவாள். வயிறு நிறைந்திருந்தாலும் ஓடுவாள். ஒன்றைக்கூடப் பிடித்ததில்லை, பிடித்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும் என்றும் தோன்றவில்லை. கொக்குகள் எழுந்து பத்தடி தள்ளி உட்கார, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னிடம் திரும்பி வருவாள், வெற்றி பெற்றவள் முகத்தோடு. தேவையில்லாமல் துரத்துவது உயிர்களின் இயல்பிலேயே இருக்கிறது என்பதற்கு எனக்கு அவள்தான் சாட்சி. என்னுள் இருக்கும் துரத்தலையும் ஆகவே நான் பாவம் என்று சொல்லமாட்டேன். அவள் துரத்திய கொக்கு உடம்பில் கீறல் இல்லாமல் பறந்துபோகிறது. நான் துரத்தியதன் உதட்டில் ஓட்டை விழுகிறது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் அந்தக் கொக்கி. அது என் கையில் இருப்பதால் எல்லையும் நான்தான் போட வேண்டும். நாய்க்கு அந்தச் சுமை இல்லை.

எல்லை என்பதை இந்த ஊரில் வாழ்கிறவன் லேசாகச் சொல்லிவிட முடியாது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு இதே ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வெளியேறியது. சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை என்று போய் அடையாற்றில் சேரும் வழியெங்கும் இருந்தவர்கள் அந்த இரவை மறக்கமாட்டார்கள். நாலே வருடத்தில், 2019 கோடையில், ஏரி காய்ந்து தரை வெடித்தது; சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் குட்டை அப்போது ஒரு சேற்றுத் திட்டு. கடைசித் தண்ணீரில் நெருக்கியடித்துக் கிடந்த மீன்களைக் கையாலேயே அள்ளினார்கள். அள்ளியவர்களை நான் குறை சொல்லவில்லை, இரண்டு நாளில் எல்லாம் செத்திருக்கும். அடுத்த மழைக்கு வாய்க்காலில் ஏரித் தண்ணீரோடு கெண்டைகள் திரும்ப வந்தன. யாரும் கொண்டுவந்து விடவில்லை. எங்கோ ஓர் ஆழமான பள்ளத்தில் யாருடைய வலைக்கும் எட்டாமல் மிஞ்சியவற்றின் வம்சம் அது. இன்று நான் இறகு போடும் ஒவ்வொரு கெண்டையும் அந்த மிச்சத்திலிருந்து வந்தது. சட்டிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதற்கு எனக்கு வேறு சாஸ்திரம் வேண்டியதில்லை.

இந்தக் குட்டையும் எத்தனை நாளைக்கு என்பது வேறு விஷயம். எல்லைக்கற்கள் கிட்டே வந்துகொண்டிருக்கின்றன. வாய்க்காலின் ஒரு பகுதியை மேட்டுமண் கொட்டி மூடியிருக்கிறார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டி மனு கொடுத்திருக்கிறோம், வயல்காரர்கள் மூவரும் நானும். ஆயாவும் கைநாட்டு வைத்தார். மீன் பிடிப்பதில் என்ன நியாயம் என்று யோசிக்கிறவனுக்கு, மீன் இருக்கும் தண்ணீருக்காக ஒரு மனுவாவது போடும் கடமை இருக்கிறது என்று நினைக்கிறேன். விடுகிற இளைஞர்களிடமும் இதைச் சொன்னேன். இரண்டு பேர் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் வாய்க்காலின் அடைபட்ட பகுதியைப் படம் எடுத்துத் தந்தார். மனுவோடு இணைத்திருப்பது அந்தப் படத்தைத்தான்.

எட்டாவது படிக்கும் மகள் தானும் தூண்டில் போட வருகிறேன் என்று கொஞ்ச நாளாகக் கேட்கிறாள். இறகு கட்டுவதை வேகமாகக் கற்றுக்கொண்டாள். என்னுடையதைவிட அவள் முடிச்சு சுத்தம். வா என்றேன், ஒரு நிபந்தனையோடு. பிடிக்கிறவர்தான் கழுவ வேண்டும். சாம்பல் தொட்டுக் கல்லில் உரசிச் செதில் எடுக்க வேண்டும், வயிறு கீற வேண்டும், செவலையின் பங்கை வேகவைத்து முள் எடுத்து வைக்க வேண்டும். முகத்தைச் சுளித்தாள். பாட்டியிடம் போய்க் கேட்டாள். பாட்டி ஓர் அரிவாள்மனையையும் இரண்டு கெண்டையையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போக, இவளும் பாவாடையைச் செருகிக்கொண்டு பின்னால் போனாள். செதில் எடுக்க வந்துவிட்டது. வயிறு கீறத்தான் இன்னும் கை நடுங்குகிறது. பழகட்டும், அடுத்த இரவு ஷிஃப்டுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.